புது பூட்ஸும் வீட்டுக்காரர் பாதமும்

அரியலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷம், இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. வீட்டுக்காரருக்கு சிமெண்டு ஆலையில் வேலை கிடைத்து, கனமான தோல் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்திருக்கிறார்களாம். "அக்கா, முதல் நாளே குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்து ரப்பர் செருப்போடு போய், கேட்டுக்குப் பக்கத்தில்தான் பூட்ஸை மாட்டுகிறார். உள்ளே போனதும் கழற்றிவிடுகிறாரோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்கிறார். மாமனார் தேங்காய் எண்ணெயைக் கொட்டு என்கிறார். எதைச் செய்ய?"

இரண்டையும் செய்ய வேண்டாம், சகோதரி! ஊறப்போட்டால் தோல் உப்பி, காயும்போது விறைத்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட அடிப்பாகமும் விட்டுப்போகும். தேங்காய் எண்ணெயின் கதையைப் பின்னால் சொல்கிறேன், அது தனிக் கதை.

இந்தப் பக்கத்தில் இதுவரை ரசப்பொடி, குழந்தைச் சளி, கம்பளி துவைப்பது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். பூட்ஸைப் பற்றி எழுதும் நாள் வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் இதில் எனக்கு இருபது வருஷ அனுபவம் உண்டு. எங்கள் வீடு ஏற்காடு மலையில், நாகலூரில். வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்தில் கண்டக்டர். பஸ் கண்டக்டர் இல்லை, தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவருக்கு இங்கே அதுதான் பேர். மழைக்காலத்தில் சரிவும் சேறுமாக இருக்கும். வெயில் காலத்தில் சருகுக்குள் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது. பச்சை விரியன் காப்பிச் செடியின் கிளையிலேயே சுருண்டிருக்கும். பூட்ஸ் இல்லாமல் அவரைத் தோட்டத்துக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. அதே சமயம், சரியில்லாத பூட்ஸோடு அனுப்பவும் மனசு வராது. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டுக்காரரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன், கீழே சேலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். சர்க்கரை வியாதி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுசாக பூட்ஸ் வாங்கி, முதல் நாளே காலை எட்டு மணிக்குப் போட்டவர் ராத்திரி எட்டு மணிக்குத்தான் கழற்றினார். "கொஞ்சம்கூட கடிக்கலை, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று அக்காவிடம், அதாவது என் ஓரகத்தியிடம், பெருமையாகச் சொன்னாராம். நான்காம் நாள் காலுறையில் ஈரம் பட்டிருப்பதைப் பார்த்து அக்காதான் காலைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண். வலியே இல்லை! மூன்று மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். மீதிக் கால் தப்பித்ததே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் காலுக்கு அப்படித்தான் தெரிந்தது. சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகும். கடிக்கிற பூட்ஸ் கடிக்கிறதென்று சொல்ல ஆளில்லை. நமக்கெல்லாம் குதிகாலில் எரிந்தால் நாமே அறியாமல் நடையை மாற்றுவோம், பாதத்தைச் சாய்த்து வைப்போம், உட்கார்ந்து நாடாவைத் தளர்த்துவோம். மரத்த கால் அதே இடத்தில் அதே அழுத்தத்தோடு ஆயிரம் தடவை மிதிக்கும்.

இதைக் கண்டு சொன்னவர் நம் பக்கத்து மலைக்காரர் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர், ஆங்கிலேயப் பாதிரியாரின் மகன். லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் அந்த நோயால் தானே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர் கூர்ந்து பார்த்து, விரல்களைத் தின்றது நோய் இல்லை, வலி தெரியாததால் பட்ட சூடும் காயமும் தேய்மானமும்தான் என்று நிரூபித்தார். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையில் அந்த நோயாளிகளுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் செய்து கொடுத்தார்கள். பெரிய சர்ஜன் செருப்புத் தைப்பதைப் பற்றி மணிக்கணக்காக யோசித்தார், பாருங்களேன்! நோயாளியின் பாதத்தைத் தன் கையால் தடவி, எந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று பார்ப்பாராம். சூடான இடத்தில்தான் அடுத்து புண் வரும். 1966-ல் அவர் அமெரிக்கா போன பிறகு, இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் எடுத்துச் சொன்னார்.

அந்தக் கைவைத்தியம் நம் வீட்டிலேயே செய்யக்கூடியது. பெரிய மாமாவுக்கு விரல் போன வருஷத்திலிருந்து நான் செய்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் இப்போது ஆறு வருஷமாகச் சர்க்கரை. தினமும் பூட்ஸைக் கழற்றி, கால் கழுவித் துடைத்து, கால் மணி நேரம் கழிந்ததும் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தடவிப் பார்ப்பேன். உள்ளங்கை வேண்டாம், அது அடுப்படி வேலையில் காய்த்துப் போனது, புறங்கைக்குத்தான் சூடு நன்றாகத் தெரியும். ஒரு பாதத்தில் ஓர் இடம் மட்டும் கதகதவென்று இருந்தாலோ, கழற்றி அரை மணி ஆகியும் சிவப்புத் தழும்பு போகாமல் இருந்தாலோ அந்த பூட்ஸ் மறுநாள் வெளியே போகாது. "ஆமா, நீ பெரிய டாக்டர்" என்று கேலி செய்வார். செய்யட்டும்.

நரம்பு மரத்திருக்கிறதா என்று பார்க்கவும் ஓர் எளிய வழி இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் டாக்டர்கள் 2011-ல் எழுதி வெளியிட்டது. வீட்டுக்காரரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் இவற்றின் நுனியை மட்டும், ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி பூப்போலத் தொடுங்கள். இரண்டு பாதத்துக்குமாக மொத்தம் ஆறு விரல். தொட்டது தெரிந்தால் வலது இடது என்று சொல்ல வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தெரியவில்லை என்றால் இன்னொரு தடவை தொட்டுக் காட்டவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். அவர் நைலான் இழை மாதிரி ஒன்றை வைத்து முறையாகச் சோதிப்பார். சர்க்கரை மாத்திரை இப்போது வீடு தேடியே வருகிறது, 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில். மாத்திரை கொண்டு வருகிற அம்மாவிடமே "காலைக் காட்ட எங்கே போகணும்?" என்று கேளுங்கள்.

சரி, பூட்ஸுக்கு வருகிறேன்.

கடையில் வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போகச் சொல்லுங்கள். காலையில் இருக்கிற கால் சாயங்காலம் இருக்காது, நின்று நின்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போட்டுக்கொள்கிற அதே தடித்த காலுறையைக் கையோடு கொண்டு போகவேண்டும். "எனக்கு எப்பவும் எட்டுதான்" என்கிற ஆண்களை நம்பாதீர்கள். நாற்பது வயசுக்கு மேல் பாதம் அகலும், நீளும். கடைக்காரரிடம் சொல்லி உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து, தரையில் போட்டு, அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் ஓரம் மெத்தைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஜோடி வேண்டாம். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். அப்புறம் கடைப் படிக்கட்டில் நாலு தடவை இறங்கிப் பார்க்கட்டும். ஏறும்போது எல்லா பூட்ஸும் நல்ல பூட்ஸ்தான். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தால்தான் குட்டு வெளிப்படும். எங்கள் மலையில் பாதி நாள் இறக்கம்தானே!

இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸானால் இன்னும் கவனம் வேண்டும். ஐ.எஸ். 15298 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பாதுகாப்பு பூட்ஸ் என்று சொல்லப்படும் வகையின் முன்பக்கம், 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்கவேண்டும் என்பது கணக்கு. அவ்வளவு கெட்டியான தொப்பி உங்கள் வீட்டுக்காரர் விரலுக்காக வளைந்து கொடுக்குமா? தோல் பழகும், இரும்பு பழகாது. குதிகால், கணுக்கால், மேல்பாதம் இந்த இடங்களில் கடித்தால் பழக்கிவிடலாம். விரல் நுனியிலோ விரல் முட்டியிலோ இடித்தால் அளவு தப்பு, மாற்றத்தான் வேண்டும். அரியலூர் சகோதரி, நீங்கள் முதலில் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: எந்த இடத்தில் கடிக்கிறது? குதிகால் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பாதி நிம்மதி. விரலும் இடிக்கிறது என்றால் ஆலை ஸ்டோரில் சொல்லி வேறு அளவு கேட்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் எதற்கு? கேட் தாண்டியதும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்போடு நிற்பதைவிட, ஒருநாள் ஸ்டோர்காரரிடம் பேச்சு வாங்குவது மேல்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டங்களில் பூட்ஸ் என்றால் ஆம்பிளைகளுக்குத்தான் என்று வைத்திருக்கிறார்கள். அதே சரிவில், அதே சருகில், மடியில் பையைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் பல பேர் ரப்பர் செருப்போடுதான் நிற்கிறார்கள். பாம்புக்கு ஆண் பெண் தெரியுமா? வாங்கினால் சின்னப் பையன்கள் அளவில் ஒரு ஜோடி அவர்கள் காலுக்குச் சரியாக இருக்கும். என் பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறாள். முதல் வாரம் சிரித்தார்கள், இப்போது இன்னும் இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள்.

பழக்குவது எப்படி? அவசரப்படக்கூடாது, அவ்வளவுதான். முதலில் வெறும் கையால் வேலை. பூட்ஸை மடியில் வைத்து, முன்பாதம் மடங்குகிற இடத்தில் இரண்டு கையாலும் மடக்கி மடக்கி விடுங்கள், சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி. குதிகாலுக்கு மேலே இருக்கிற தோல் விளிம்பையும் விரலால் உருட்டி உருட்டி இளக்குங்கள். நான் சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே இதைச் செய்வேன். பிறகு முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம். மறுநாள் இரண்டு மணி. அதற்கு மறுநாள் மூன்று. ஒவ்வொரு தடவையும் கழற்றியதும் காலைப் பார்க்கவேண்டும். ஒரு வாரம் கழித்துத்தான் வேலைக்கு, அதுவும் அரை நாள். மத்தியானத்துக்குப் பழைய ஜோடியைப் பையில் கொடுத்து அனுப்புங்கள். நன்றாகப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். சர்க்கரை உள்ளவருக்கு முதல் நாள் அரை மணி போதும், அவர் "ஒண்ணும் பண்ணலை" என்று சொன்னாலும் சரி. அவர் சொல்வதைக் கேட்கக்கூடாது, கால் சொல்வதைப் பார்க்கவேண்டும்.

போட்டுக்கொள்ளும் முறையிலும் விஷயம் இருக்கிறது. நாடாவை முழுக்கத் தளர்த்தி, காலை விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் ஒட்டவைத்து, அப்புறம்தான் கட்டவேண்டும். விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் பக்கம் இறுக்கமாக. கணுக்கால் தளர்ந்திருந்தால் குதிகால் மேலும் கீழும் தேய்ந்துகொண்டே இருக்கும், கொப்புளம் வருவது அப்படித்தான். உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை, மேலே தடித்தது என்று இரண்டு போட்டால் தேய்மானம் காலுறைக்கும் காலுறைக்கும் நடுவில் போய்விடும். குதிகால் படுகிற உள்தோலில் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டாலும் வழுவழுவென்று இருக்கும். சர்க்கரைக்காரருக்கு வெள்ளைக் காலுறைதான் வாங்கவேண்டும், தையல் தடித்திருந்தால் திருப்பிப் போடலாம். அழுக்குத் தெரியுமே என்று பார்க்காதீர்கள். ரத்தமும் நீரும் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளை.

அப்படியும் கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். மேல்தோல்தான் அதற்கு இயற்கையாக வந்த கட்டு. சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணிக்கட்டுப் போட்டு, ஆறும் வரை அந்த பூட்ஸைத் தொடக்கூடாது. சர்க்கரை உள்ளவர் என்றால் சின்னக் கொப்புளத்தையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். நாங்கள் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவோம். வெந்நீரில் கால் வைப்பது, ஆணிக்கு பிளாஸ்திரி ஒட்டுவது, பிளேடால் சீவுவது எதுவும் கூடாது. மரத்த காலுக்கு வெந்நீர் கொதிப்பதே தெரியாது.

ஜூன் மாசம் குழந்தைகளுக்கு வாங்குகிற கறுப்புப் பள்ளிக்கூட ஷூவுக்கும் இதே கதைதான். பள்ளி திறக்கிற நாளன்று காலையில் முதல்முறையாக மாட்டிவிடாமல், முன்னால் ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழக்கிவிட்டால் முதல் நாள் அழுகையில் பாதி குறையும்.

இனி பூட்ஸை வளர்ப்பது. ஆமாம், வளர்ப்பதுதான். தோல் என்பது ஒரு மாட்டின் மேல்தோல், செத்தும் சாகாத பொருள். நம் பக்கத்தில் முன்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். கடுக்காய் எங்கள் மலைக்காட்டிலும் கிடைப்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டைக்குப் பேர் வந்ததே அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். இன்றைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் செய்கிற வேலை பூட்ஸுகளின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் வகை, சூட்டை நன்றாகத் தாங்கும். பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரிக்குள்ளேயே சுருங்கிவிடும். நம் வீட்டில் இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்? அதோடு, தோல் தாங்கினாலும் ஒட்டும் பசை தாங்காது. ஆகவே நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைக்கவே கூடாது. எங்கள் ஊர்க் குளிரில் விறகடுப்பைக் கண்டதும் பூட்ஸைச் சுற்றி அடுக்கிவிடத்தான் தோன்றும். மறுநாள் காலையில் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும்.

நான் செய்வது இது. சேற்றை மூங்கில் சிம்பால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். சலவை சோடா, சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம், தோலுக்குள் இருக்கிற எண்ணெயை அவை உறிஞ்சிவிடும். நாடாவைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்து, உள்மெத்தையை எடுத்துத் தனியாக நிறுத்திவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பேன். ஒரு மணி கழித்து அந்த ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள். படுக்கப் போகும்போது இன்னொரு தடவை. காற்றோட்டமான இடத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அடிப்பாகமும் காயும். ஏற்காட்டில் வருஷத்துக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை. ஒரு ராத்திரியில் காயாது. அதனால் கையில் காசு இருக்கும்போது இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவது சிக்கனம். இரண்டு ஜோடி மாறி மாறிப் போட்டால், ஒவ்வொன்றாகப் போட்டுக் கிழிப்பதைவிட நீண்ட நாள் வருகிறது.

தோட்டத்துக்காரர்கள் வீட்டில் இன்னொரு சங்கடம். காப்பி இலையில் துரு நோய் வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள், போர்டோ கலவை என்று பேர். அன்றைக்கு பூட்ஸெல்லாம் நீலத் தெறிப்பாக வரும். சுண்ணாம்பு காய்ந்தால் தோலைத் தின்றுவிடும். அன்று ராத்திரி எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் படுக்கவேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் கழற்றச் சொல்லுங்கள், வாசல்படிக்கு உள்ளே வரக்கூடாது. அந்தத் துணியும் தனி. அரியலூரில் சிமெண்டுத் தூசிக்கும் இதே வைத்தியம்தான், அதிலும் சுண்ணாம்புக் குணம் இருக்கிறது. முதலில் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அப்புறம் ஈரத்துணி.

எண்ணெய்க் கதைக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்று நம் எல்லாருக்கும் தெரியும், மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. தோலுக்குள் போன எண்ணெயும் அப்படித்தான். குளிரில் உறைந்து வெளியே வெள்ளையாகப் பூக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்துத் தேய்த்து மாய்வார்கள். கண்டுபிடிப்பது சுலபம். கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தால் உருகி மறைவது எண்ணெய், மறையாமல் பொடியாக ஒட்டிக்கொண்டு மக்கல் வாசனை அடிப்பது பூஞ்சை. பூஞ்சையானால் வெளியே எடுத்துப் போய், சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடைத்து நிழலில் காயவைக்கவேண்டும். அடுப்புப் பக்கம் அந்தப் பாட்டிலே போகக்கூடாது, குபீரென்று பிடிக்கும்.

தோலுக்கு ஏற்றது விளக்கெண்ணெய். எங்கள் தாத்தா காலத்தில் கவலை இறைக்கிற சாலுக்குத் தோல் வால் இருக்கும், அது வெடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய்தான் தடவுவார்கள் என்று அம்மா சொல்வார். நான் அதோடு தேன்மெழுகு சேர்க்கிறேன். 100 மில்லி விளக்கெண்ணெய்க்கு 25 கிராம் மெழுகு. ஒரு டம்ளரில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்த டம்ளரை வைத்து உருக்கவேண்டும். நேரே அடுப்பில் வைக்காதீர்கள். ஆறினால் களிம்பு மாதிரி இருக்கும். முழுக்கக் காய்ந்த பூட்ஸில், பழைய பனியன் துணியால், மெல்லிசாக. தையல் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கூட. ஒரு ராத்திரி விட்டு மறுநாள் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மற்ற நாளில் மாசம் ஒரு தடவை. நிறம் கொஞ்சம் கருக்கும், அதனால் உள்பக்கமாக ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சொரசொரப்பான தோலுக்கு இது ஆகாது. அடிப்பாகத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது, வழுக்கும். நிறைய தடவினால் நிறைய நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். தோல் தொளதொளத்துப் போனால் கணுக்காலைப் பிடிக்காது. புது பூட்ஸுக்கு, கடிக்கிற குதிகால் விளிம்பில் மட்டும் விரல்நுனியில் தொட்டுத் தடவி உருட்டினால் போதும், சகோதரி. உங்கள் மாமனார் மனசும் கோணாது, எண்ணெய் போட்ட மாதிரியும் ஆயிற்று!

காலையில் போடும் முன் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் பழக்கம். தேள் இருக்கும், சின்னக் கல் இருக்கும். சர்க்கரைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. நல்ல பூட்ஸாயிற்றே என்று பீரோவுக்கு மேல் டப்பாவில் எடுத்து வைத்து, மூன்று நான்கு வருஷம் கழித்து எடுத்தால் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிரும். பழைய ரப்பர் அடி அப்படி ஆகாது. இப்போது நிறைய பூட்ஸுக்கு பாலியூரித்தேன் என்ற லேசான நுரை அடிதான். காற்றில் இருக்கிற ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும், போடாமல் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். என் தம்பி ராணுவத்திலிருந்து வந்து ஆசையாக எடுத்து வைத்திருந்த ஜோடி, தங்கை கல்யாணத்துக்குப் பந்தல் கால் நடுகிற அன்று நாலு எட்டு வைப்பதற்குள் கழன்று விழுந்தது. டப்பாவில் பிளாஸ்டிக் பை போட்டு மூடாதீர்கள், துணிப்பை போதும். மாசத்துக்கு ஒரு நாளாவது அவரை அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வரச் சொல்லுங்கள். வாங்கும்போது அடி ரப்பரா நுரையா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தையல் போட்ட ரப்பர் அடியானால் தேய்ந்த பிறகு சேலத்தில் செருப்புத் தைக்கிறவர்கள் புது அடி போட்டுக் கொடுப்பார்கள். ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், கட்டம் தேய்ந்து வழவழப்பானதுமே கொண்டு போகவேண்டும். என் வீட்டுக்காரரின் பழைய ஜோடிக்கு இரண்டு தடவை அடி மாற்றியாயிற்று, மேல்தோல் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது.